கண்ணாடிப் பூக்களுக்கு முகவரி தந்த புத்தகங்கள்

மேசைமீது அடுக்கிய தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, அவற்றின் மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைப்பது பழைய அலுவலகங்களில் எல்லாரும் கண்ட காட்சிதான். 'பேப்பர் வெயிட்' என்றால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. அடிப்பக்கம் தட்டையாக இருக்கும், மேற்பக்கம் உருண்டிருக்கும். உள்ளே ஒரு காற்றுக் குமிழியோ சிவப்பும் நீலமுமாக ஒரு பூவோ தெரியும். விலையும் பெரிதில்லை, மதிப்பும் பெரிதில்லை. கணினி வந்து மேசையில் தாள்கள் குறைந்தபோது இந்தக் குண்டுகளும் ஓசையின்றி விடைபெற்றுக்கொண்டன.

ஆனால் இதே குலத்தைச் சேர்ந்த ஒரு மூத்த குண்டு, 1990ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலருக்கும் அதிகமாக விலைபோனது. பிரான்சு நாட்டின் கிளிஷி தொழிற்சாலையில் பூக்கூடை வடிவில் செய்யப்பட்டது அது.

உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக்கு இத்தனை பணமா என்று வியப்பது இயல்பு. அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. பழைய குண்டுகளில் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரோ, ஊரோ, ஆண்டோ இருக்காது. அப்படியிருக்க, இது கிளிஷியில் பிறந்தது, இது பக்காராவில் பிறந்தது என்று உறுதியாகச் சொல்வது எப்படி? அந்தத் துணிவைத் தந்தவை புத்தகங்கள். கண்ணாடிக் குண்டுகளின் வரலாற்றைப் போலவே, அவற்றைப் பற்றி எழுதப்பட்ட நூல்களின் வரலாறும் சுவையானது. அதில் அறிவும் உண்டு, சறுக்கலும் உண்டு.

கடிதங்கள் பெருகிய காலம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காகிதம் இயந்திரத்தில் தயாராகத் தொடங்கியதும் அதன் விலை இறங்கியது. 1840ல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால்தலை அறிமுகமாகி, சாதாரண மக்களும் கடிதம் எழுதும் நிலை உண்டானது. நடுத்தரக் குடும்பங்களில் எழுதுமேசை ஒரு பெருமைக்குரிய பொருளாயிற்று. மைக்கூடு, பேனாக் கத்தி, முத்திரை, உறை என்று அந்த மேசையை அலங்கரிக்கும் பொருள்களை விற்கும் கடைகளும் பெருகின.

அதே வேளையில் பிரெஞ்சுக் கண்ணாடித் தொழில் மந்தநிலையில் இருந்தது. புதிதாக எதையாவது சந்தைக்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயம். 1845ல் வியன்னாவில் ஆஸ்திரியத் தொழிற்கண்காட்சி நடந்தது. வெனிஸ் நகரைச் சேர்ந்த பியெத்ரோ பிகாலியா என்ற கண்ணாடித் தொழில் அதிபர், பல வண்ணத் துண்டுகளை உள்ளே பதித்த உருண்டைகளை அங்கே வைத்திருந்தார். பாரிஸ் வணிகச் சங்கத்தின் சார்பில் கண்காட்சியைப் பார்வையிடச் சென்ற பேராசிரியர் யூஜின் பெலிகோ, தம் அறிக்கையில் அந்த உருண்டைகளைக் குறிப்பிட்டு எழுதினார்.

பிரெஞ்சுக்காரர்கள் காத்திருக்கவில்லை. செயிண்ட் லூயி தொழிற்சாலையின் குண்டுகள் சிலவற்றில் 1845 என்ற ஆண்டே பதிந்திருக்கிறது. பக்காராவின் ஆண்டு பதித்த குண்டுகள் 1846ல் தொடங்குகின்றன. பாரிசுக்கு அருகே இருந்த கிளிஷியும் போட்டியில் இறங்கி, 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் தன் பொருள்களை வைத்தது. 1845 முதல் 1860 வரையிலான அந்தப் பதினைந்து ஆண்டுகளைத்தான் சேகரிப்பாளர்கள் 'செவ்வியல் காலம்' என்கிறார்கள்.

பூ உள்ளே போனது எப்படி?

பேப்பர் வெயிட்டைப் பார்க்கும் குழந்தை கேட்கும் முதல் கேள்வி, பூ உள்ளே எப்படிப் போனது என்பதுதான். வண்ணக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, அச்சில் அழுத்தி, தடித்த உருளை ஒன்றைச் செய்வார்கள். அதைச் சூடாக்கி, இரண்டு பேர் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். கை தடிமன் இருந்த உருளை நீண்டு பென்சில் அளவு மெலியும். ஆனால் குறுக்குவெட்டில் உள்ள வடிவம் மாறாது, சிறிதாகும், அவ்வளவுதான். அந்தக் கோலைத் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் அதே பூ இருக்கும். இத்தாலிய மொழியில் இதற்கு 'மில்லெஃபியோரி' என்று பெயர். ஆயிரம் பூக்கள் என்பது பொருள்.

நறுக்கிய துண்டுகளை வட்டமாக அடுக்கி, உருகிய தெளிந்த கண்ணாடியை அதன்மேல் ஒற்றி எடுத்து, மீண்டும் கண்ணாடியால் மூடி, வளைவாக்கி, பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஆறவிட்டால் குண்டு வெடித்துவிடும். மேல்வளைவு பூதக்கண்ணாடி போல் உள்ளிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

விளக்குச் சுடரில் இதழ் இதழாகச் செய்து பதிக்கும் பூக்கள் இன்னொரு வகை. வெண்களிமண்ணில் செய்த உருவச் சிலைகளைக் கண்ணாடிக்குள் வைத்து, வெள்ளி போல் மின்னச் செய்வது மூன்றாம் வகை. இங்கிலாந்தின் அப்ஸ்லி பெல்லாட் இந்த முறைக்கு 1819லேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

ஐம்பது ஆண்டு மறதி

1860ஐ ஒட்டி மோகம் தணிந்தது. தொழிற்சாலைகள் வேறு பொருள்களுக்குத் திரும்பின. 1885ல் கிளிஷி இன்னொரு தொழிற்சாலையோடு இணைந்து தன் தனித்தன்மையை இழந்தது. குண்டுகள் பாட்டிமார் அலமாரிக்குள் ஒதுங்கின.

அக்காலத்தில் பேப்பர் வெயிட் என்பது எழுதுபொருள் கடையில் விற்கும் ஒரு சிறு பொருள். அதைச் செய்த தொழிலாளியின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அரண்மனைக்குச் செய்த சரவிளக்குக்கு ஏடு இருந்தது, மேசைக் குண்டுக்கு இல்லை. ஆக, 20ஆம் நூற்றாண்டில் மக்கள் மறுபடியும் இவற்றைத் தேடத் தொடங்கியபோது, பொருள் கையில் இருந்தது, அதன் கதை கையில் இல்லை.

காகித ஆலை வீட்டு அம்மையார்

அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் ஒரு பேராசிரியர் அல்லர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நீனா என்ற ஊரில் வாழ்ந்த இவாஞ்சலின் பெர்க்ஸ்ட்ரோம் அம்மையார். அவருடைய கணவர் காகித ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். காகிதம் செய்யும் வீட்டில் காகிதத்தை அடக்கும் குண்டுகள் சேர்ந்தது நல்ல பொருத்தம்தான்.

சிறுமியாகப் பாட்டி வீட்டில் பார்த்த ஒரு குண்டு அவர் மனத்தில் நின்றுவிட்டது. 1930களில், அறுபது வயதைக் கடந்தபின் தீவிரமாகச் சேகரிக்கத் தொடங்கினார். வாங்கியதோடு நிற்காமல், இது எங்கே செய்யப்பட்டது, அது ஏன் வேறுபடுகிறது என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அதன் பயன் 1940ல் வெளிவந்த 'ஓல்டு கிளாஸ் பேப்பர்வெயிட்ஸ்' என்ற நூல். ஆங்கிலத்தில் இந்தப் பொருளுக்கென்றே எழுதப்பட்ட முதல் முழுநூல் அதுதான். பின்னர் பலமுறை மறுபதிப்புக் கண்டது.

1958ல் அம்மையார் மறைந்தபோது, அவர் சேர்த்த அறுநூறுக்கும் மேற்பட்ட குண்டுகளும் அவர் வாழ்ந்த வீடும் ஊருக்குச் சொந்தமாயின. 1959ல் அந்த வீடு அருங்காட்சியகமாயிற்று. இன்று அது பெர்க்ஸ்ட்ரோம் மாலர் கண்ணாடி அருங்காட்சியகம் என்ற பெயரில் இயங்கி வருகிறது.

சேகரிப்பாளர் சங்கமும் இடிபாட்டில் கிடைத்த சாட்சியும்

அடுத்து வந்தவர் பால் ஜோக்கல்சன். பிரெஞ்சுப் பொருள்களை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்த இவர், 1953ல் பேப்பர் வெயிட் சேகரிப்பாளர் சங்கத்தை நிறுவினார். 1955ல் பழைய பிரெஞ்சுக் குண்டுகள் பற்றியும், 1968ல் களிமண் உருவம் பதித்த குண்டுகள் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். சங்கத்தின் ஆண்டு மலர்கள் இன்றும் தேடப்படுகின்றன. ஏனெனில் பெரிய நூல்களில் இடம்பெறாத நுண்ணிய ஆய்வுகள் அவற்றில்தான் முதலில் அச்சேறின.

ஜோக்கல்சன் எழுதியதோடு நிற்கவில்லை. மறந்துபோன கலையை மீண்டும் தொடங்குங்கள் என்று பக்காராவையும் செயிண்ட் லூயியையும் வற்புறுத்தினார். 1953ல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஒட்டிச் செயிண்ட் லூயி உருவம் பதித்த குண்டை வெளியிட்டது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தூங்கிய உலைக்கூடம் விழித்துக்கொண்டது.

இதற்குச் சற்று முன்பு இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. பக்காரா ஊரின் தேவாலயம் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1951ல் அதன் இடிபாடுகளை அகற்றியபோது, 1853ல் அடிக்கல்லோடு புதைத்து வைத்த ஒரு பேப்பர் வெயிட் வெளிப்பட்டது. மார்ட்டின் கைசர் என்ற தொழிலாளி செய்தது அது. செய்தவர், இடம், ஆண்டு மூன்றும் ஐயமின்றித் தெரிந்த மிகச் சில பழைய குண்டுகளில் இதுவும் ஒன்று. வானிலிருந்து விழுந்த குண்டு, மண்ணுக்குள் இருந்த குண்டை வெளியே கொண்டுவந்தது என்பது வரலாற்றின் விந்தை.

அரசரும் எழுத்தாளரும்

இந்த நூல்களுக்கு வாசகர்கள் யார்? எகிப்தின் மன்னர் ஃபாரூக் பெரும் சேகரிப்பாளர். 1952ல் அவர் பதவி இழந்தபின், 1954ல் கெய்ரோ அரண்மனையில் நடந்த ஏலத்தில் அவருடைய குண்டுகளும் விற்பனைக்கு வந்தன. பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத் தம் கட்டிலருகே இவற்றை அடுக்கி வைத்திருந்தார். தம்மைக் காண வந்த இளம் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டிக்கு வெள்ளை ரோஜா பதித்த பக்காராக் குண்டு ஒன்றைப் பரிசளித்தார். இவ்வளவு விருப்பமான பொருளை வாங்க மாட்டேன் என்று அவர் தயங்கியபோது, தனக்குப் பிடிக்காததைக் கொடுப்பது பரிசாகுமா என்ற பொருளில் கொலெத் பதிலளித்ததாகக் கபோட்டி எழுதியிருக்கிறார். அன்று தொடங்கியது அவருடைய சேகரிப்பு.

1949ல் வெளியான ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலிலும் பவளம் பதித்த ஒரு கண்ணாடிக் குண்டு வருகிறது. எல்லாவற்றையும் அரசு கண்காணிக்கும் உலகில், கடந்தகாலத்தின் ஒரு துளியாக அதைக் கதாநாயகன் வாங்கி வைக்கிறான். அவன் கைதாகும்போது அது தரையில் வீசப்பட்டு நொறுங்குகிறது. பயனற்ற அழகுப் பொருள் ஒன்று நினைவின் சின்னமாக முடியும் என்பதை ஆர்வெல் அறிந்திருந்தார்.

அடையாளம் காணும் கலை

1969ல் பால் ஹொலிஸ்டர் எழுதிய 'பேப்பர் வெயிட் கலைக்களஞ்சியம்' வெளிவந்தது. அதுவரை சிதறிக் கிடந்த செய்திகளை நாடு வாரியாக, தொழிற்சாலை வாரியாகத் தொகுத்த பெருநூல் அது. 1978ல் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் ஒரு பெரிய கண்காட்சி நடத்தியபோது, ஹொலிஸ்டரும் டுவைட் லான்மனும் இணைந்து அதற்கான நூலை எழுதினர். 1980களில் ஜார்ஜ் குல்லெஸ், கோல்துண்டுகளின் குறுக்குவெட்டை ஒன்று ஒன்றாகப் படம்போட்டு வகைப்படுத்தினார்.

இந்நூல்கள் கற்றுத் தந்தது என்ன? கிளிஷியின் துண்டுகளில் சிறிய ரோஜா ஒன்று அடிக்கடி வரும். பக்காராவில் அம்புக்குறி போன்ற வடிவம் உண்டு. அங்கே குதிரை, நாய், சேவல் போன்ற நிழலுருவங்களும் வரும். பக்காரா நிர்வாகியின் மருமகனான கிரிடெல் என்ற சிறுவன் காகிதத்தில் வெட்டி விளையாடிய உருவங்களிலிருந்து அவை பிறந்தன. செயிண்ட் லூயி சில குண்டுகளில் தன் முதலெழுத்துகளைப் பதித்தது. புறஊதா ஒளியில் வைத்துப் பார்த்தால் கண்ணாடியின் ஒளிர்வும் உலைக்கு உலை வேறுபடும். கண்ணும் கையும் புத்தகமும் சேர்ந்தால்தான் தீர்ப்பு.

புத்தகம் தவறினால்?

இங்கேதான் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. '1848' என்ற ஆண்டு பதித்த ஆங்கிலக் குண்டுகளும் மைக்கூடுகளும் நெடுங்காலம் லண்டனின் புகழ்பெற்ற வைட்ஃபிரையர்ஸ் தொழிற்சாலையில் அந்த ஆண்டிலேயே செய்யப்பட்டவை என்று நம்பப்பட்டன. ஒரு நூல் சொன்னது, அடுத்த நூல் அதை எடுத்தாண்டது, ஏலக் கடைகள் அந்த நூல்களை ஆதாரம் காட்டின. வாங்கியவர்களும் 1848க்கு உரிய விலையைக் கொடுத்தார்கள்.

பின்னர் ஆய்வாளர்கள் மூலத்துக்கே போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் வைட்ஃபிரையர்ஸ் இவ்வகைக் குண்டுகளைச் செய்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே வண்ணத் துண்டுகளோ பர்மிங்ஹாமின் அர்குலஸ், வால்ஷ் வால்ஷ் நிறுவனங்களின் பொருள்களில் காணப்பட்டன. அவை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை. ஏறத்தாழ எண்பது ஆண்டு வேறுபாடு! பழைய குண்டு என்று பெருமையோடு வைத்திருந்த பலர், அதன் வயதைக் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. ராபர்ட் ஹால் 1998ல் வெளியிட்ட பழைய ஆங்கிலக் குண்டுகள் பற்றிய நூல் போன்றவை இந்தத் தெளிவைப் பரப்பின.

இதனால் பழைய நூல்கள் குப்பையாகிவிடவில்லை. ஒரு தலைமுறை எதை அறிந்திருந்தது, எதை ஊகித்தது என்பதற்கு அவையே சான்று. ஆனால் ஒரே நூலை வேதமாகக் கொள்பவர் ஏமாறுவார். நூல் எந்த ஆண்டில் வந்தது என்று பார்த்துவிட்டுத்தான் அதில் உள்ள செய்தியை எடைபோட வேண்டும்.

நவீனர்கள் கற்ற பாடம்

பழைய தலைமுறை பெயரின்றிப் போனதைக் கண்ட புதிய கலைஞர்கள், தங்கள் முத்திரையைக் கண்ணாடிக்குள்ளேயே பதித்தார்கள். ஸ்காட்லாந்தில் பணியாற்றிய பால் இசார்ட் தம் பெயரின் முதலெழுத்துகளையும், அமெரிக்காவின் சார்லஸ் காசியன் ஒரே எழுத்தையும் வைத்தனர். ஆய்வகக் கண்ணாடிக் கருவிகள் செய்துவந்த பால் ஸ்டாங்கர்ட், காட்டுப்பூக்களை வேரோடு கண்ணாடிக்குள் மலரச் செய்து உலகப் புகழ் பெற்றார்.

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் நிறுவனத்தின் கதை அச்சின் வலிமையைக் காட்டுகிறது. அதை 1968ல் தொடங்கிய ஸ்டூவர்ட் டிரைஸ்டேல் வழக்கறிஞர். ஓர் அமெரிக்க மகளிர் இதழில் வந்திருந்த பழைய குண்டுகளின் படங்களைப் பார்த்த அவர், இந்தத் தரத்தில் நாமும் செய்ய வேண்டும் என்று உறுதிகொண்டார். மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் சிறந்த குண்டுகளைத் தந்த அந்நிறுவனம் 2002ல் மூடப்பட்டது. உலை அணைந்த பிறகு, அது ஆண்டுதோறும் வெளியிட்ட விற்பனைப் பட்டியல்களே ஆதார நூல்களாகிவிட்டன. அன்று இலவசத் தாள், இன்று ஆவணம்!

எதைத் தேடுவது?

குண்டுகளை வாங்க வசதியில்லாதவர்கள்கூட நூல்களைச் சேர்க்கலாம். பெர்க்ஸ்ட்ரோம் நூலின் 1940 பதிப்பு, ஹொலிஸ்டரின் கலைக்களஞ்சியம், சங்கத்தின் தொடக்ககால மலர்கள் ஆகியவை மேலுறை கிழியாமல் இருந்தால் நல்ல மதிப்புப் பெறும். பெரிய ஏலங்களின் பட்டியல்களில், விற்ற விலை எழுதிய தாளும் கூடவே இருந்தால் அதன் பயன் இரட்டிப்பு. முந்தைய உரிமையாளர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளை அழிக்கக் கூடாது. அந்தக் குண்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்பது சில வேளை அந்தப் பென்சில் எழுத்தில்தான் இருக்கும்.

வாங்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் நூல், பிறகு அருங்காட்சியகம், அதன்பிறகே பணப்பை. 1930களில் சீனாவிலும் பிரெஞ்சு வடிவங்களைப் பின்பற்றிக் குண்டுகள் செய்து ஏற்றுமதி செய்தார்கள். படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கையில் எடுத்து, கண்ணாடியின் தெளிவையும் நிறத்தையும் பார்த்தவருக்குத்தான் வேறுபாடு புரியும்.

பக்காராவிலும் கிளிஷியிலும் உலைச்சூட்டில் நின்று, கோலின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நடந்த தொழிலாளர்களில் பெரும்பாலோரின் பெயர் இனிக் கிடைக்கப் போவதில்லை. அன்று ஒருவர் ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தால், பின்வந்தவர்கள் நூறு ஆண்டு தேடியிருக்க வேண்டாம். தங்க நகையோ, பித்தளைக் குத்துவிளக்கோ, மரப்பெட்டியோ, வீட்டில் இருக்கும் எந்தப் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். யார் செய்தது, எங்கே வாங்கியது, எந்த ஆண்டு வந்தது என்பதைத் தெரிந்தவர் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாள் பறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடிக் குண்டு போதும்.